பழந்தோலைப் பேணுதல் வினையாகுமா?

சென்ற ஆண்டுக் கார்த்திகை மாதத்து அடைமழையில் எம் இல்லத்துப் பரண் ஒழுகியது. அங்கிருந்த தகரப் பெட்டியைக் கீழிறக்கித் திறந்தோம். 2001ஆம் ஆண்டில் எம் துணைவர் பணி ஓய்வு பெற்றபோது மாணவர்கள் அவருக்கு அளித்த தோற்பை, மேலெல்லாம் வெண்பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பையை எறிந்துவிடுவதா, துடைத்துப் பேணுவதா என்ற வினா எழுந்தது. சிறிய வினா என்றே முதலில் எண்ணினோம். திங்கள் பல கழிந்தும் அது எம்மை விட்டு நீங்காமையின், நம் இதழின் அன்பர்களோடு கலந்து சிந்திக்க விழைகின்றோம்.

பையின் வரலாற்றைச் சிறிது கூறல் வேண்டும். யாம் இருவரும் இராணிப்பேட்டையை அடுத்த ஓர் ஊரில் ஆசிரியப் பணி ஆற்றினோம். எம்மிடம் பயின்ற சிறுவருள் பலர், தோல் பதனிடும் கூடங்களில் கூலி வேலை செய்தோரின் மக்கள். அவர்களுள் ஒருவனின் தந்தை தம் கையாலேயே வெட்டித் தைத்த பை அது. குரோமிய உப்பு சேராமல், மரப்பட்டையும் கடுக்காயும் கொண்டு பழைய முறையில் பதனிட்ட தோல் என்று அம்மாணவன் பெருமையுடன் கூறினான். எம் துணைவரோ காலுக்குக்கூட ரப்பர் செருப்பே அணிந்தவர். எனினும் மேடையில் இரு கைகளாலும் அதனைப் பெற்றுக்கொண்டார். வீடு திரும்பியபின், "மறுத்திருந்தால் தோலை மறுத்ததாகவா அவன் எண்ணியிருப்பான்? தன் அப்பாவின் கையை மறுத்ததாக அல்லவா எண்ணியிருப்பான்" என்று மட்டும் சொன்னார். பின்னர் ஓய்வூதியத் தாள்களை அதில் இட்டுப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு நாளும் வெளியே எடுத்துச் சென்றாரில்லை.

தோலை விலக்கிய நம் முன்னோர், அதனைப் பதனிட்ட மக்களையும் விலக்கி நிறுத்தினர். முன்னது விரதம். பின்னதற்கு எந்த நூலில் இடமுண்டு என்று யாம் இன்றளவும் கண்டிலோம். நம் ஆலய உற்சவத்தில் முழங்கும் மத்தளத்தின் தோலைப் பற்றி ஒருவரும் வினவுவதில்லை என்பதையும் இவ்விடத்தே குறித்து வைக்கின்றோம்.

இனி வினாவுக்கு வருவோம். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தாரை உடன்பட்டு மகிழ்தல் என மூவகையாலும் வினை வந்து சேரும் என்பது நாம் குழந்தைப் பருவம் முதற்கொண்டு கேட்டு வருவது. திருக்குறளில் புலால்மறுத்தல் அதிகாரத்தின் ஆறாம் குறளும் வாங்குவோனைத் தப்பவிடுவதில்லை. கொள்வார் இலரேல் விற்பாரும் இலர் என்னும் கருத்தால் அவனையும் கொலைக்குள் இழுத்து நிறுத்துகின்றது. ஆனால் எம் பை விலைக்கு வாங்கியது அன்று. அதன் விலங்கு இறந்து கால் நூற்றாண்டு ஆயிற்று. இன்று அதற்கு எண்ணெய் தடவுவதால் எந்த உயிர்க்குத் துன்பம் என்று எம் பெயரன் கேட்டான். நியாயமான கேள்வியே.

விலங்கின் உடலிலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு பொருள் விலக்கத்தக்கதாகிவிடாது. நம் முனிவர்கள் ஏந்தும் மயிற்பீலி, மயில் தானாக உதிர்த்த இறகுகளால் ஆயது. 1910இல் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கிய காலத்தில் செருப்புத் தைக்கக் கற்ற காந்தியடிகள், பிற்காலத்தில் தாமாக இறந்த மாட்டின் தோலையே கொள்ளல் வேண்டும் என வற்புறுத்தினார். எம் பையின் தோல் எவ்வகையது? தைத்தவருக்கே அது தெரிந்திருக்க வழியில்லை. ஆகவே அந்த வாயிலில் எமக்குப் புகலிடம் இல்லை.

எறிந்துவிடலாம் என்றால், எங்கே எறிவது? எம் தெருமுனைக் குப்பை மேட்டில் வாரந்தோறும் தீ வைக்கின்றனர். தாள்களை வைக்க வேறொரு ரெக்சின் பை வாங்க வேண்டும். துணியின்மேல் பி.வி.சி. பூசியதே ரெக்சின், சில ஆண்டுகளில் வெடித்து உரியும், மக்கவும் மக்காது. தெருவில் திரியும் பசுக்கள் பிளாஸ்டிக்கைத் தின்று மாள்வதை அறிந்த பின்னும், தோலை விட்டதனாலேயே நம் கை தூயதாயிற்று என்று கூற எமக்கு நா எழவில்லை. தோலுக்காக வாதாடுகின்றோம் என எவரும் கருதற்க. பாலாற்றங்கரையில் வாழ்ந்தவர் யாம். கிணற்று நீர் கெட்டதையும் வயல்கள் தரிசானதையும் கண்டிருக்கின்றோம். மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு அந்த ஆற்றைப் பற்றியதே.

ஆதலின் பேணுவது எனத் துணிந்தோம். துணிந்த பின்னரே இடர்கள் தொடங்கின.

முதலாவது பூஞ்சணம். அதுவும் உயிரே. துடைத்தால் அழியும், விட்டால் பெருகிப் பின்னும் மிகுதியாக அழிக்க நேரும். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, கவனமின்மையை அதன் வேராக வைத்தார். எம் குற்றம் துடைத்ததில் அன்று. காற்றுப் புகாத பெட்டியில் பல மழைக்காலம் திறந்து பாராமல் விட்டதிலேயே உள்ளது. உலர்ந்த பருத்தித் துணியால் முற்றத்தில் வைத்து மெல்லத் துடைத்தோம். பின் ஈரத்துணியால் ஒற்றி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தினோம். வெயிலில் வைத்தால் தோலின் நார்கள் சுருங்கி விறைத்து வெடித்துவிடும்.

இரண்டாவது எண்ணெய். தோலின் நார்களுக்கிடையே உள்ள நெய்ப்பு நாளடைவில் வற்றுவதால்தான் அது முறிகின்றது. பெயரன் நகரத்திலிருந்து வாங்கி வந்த மெருகுப் புட்டியைப் பற்றி, வேதியியல் பயின்ற எம் பழைய மாணவி ஒருத்தியிடம் கேட்டோம். இத்தகைய பூச்சுகளில் தேன்மெழுகு கலப்பதுண்டு, பளபளப்புக்கு அரக்கு கலப்பதுண்டு, தோலுக்கென விற்கும் எண்ணெய்களுள் ஒன்று மாட்டின் கால் எலும்பைக் காய்ச்சி எடுப்பது என்றாள். தேனை விலக்குகின்ற நாம் தேன்மெழுகைக் கொள்வது எங்ஙனம்? அரக்கோ, மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது; கிளையிலிருந்து சுரண்டி உருக்கும்போது எண்ணிறந்த உயிர்கள் மடியும். ஆண்டுதோறும் விடைத்தாள் கட்டுகளுக்கு அரக்கு முத்திரை இட்ட கை எம் கை; அப்போது இதை ஒரு கணமும் நினைத்தோமில்லை. ஒரு பழந்தோலைக் காக்கப் புதிதாக இத்தனை உயிர்களா என்று புட்டியைத் திருப்பி அனுப்பினோம். எம் ஊர்ப் பெரியவர்கள் செருப்புக்குத் தடவிய ஆமணக்கெண்ணெய் இருக்கவே இருக்கின்றது. சில துளிகளைத் துணியில் தோய்த்துப் பரவத் தேய்த்து, மறுநாள் உலர்ந்த துணியால் மிகுதியை ஒற்றி எடுத்தால் போதும். அளவு மிஞ்சினால் பிசுபிசுத்துத் தூசி படியும்.

அம்மட்டில் நிறுத்தியிருக்கலாம். பூஞ்சணம் இருந்த இடங்களில் கறை தங்கிவிட்டது. "சாயம் ஏற்றினால் புதிது போலாகிவிடுமே பாட்டி" என்றான் பெயரன். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியது நினைவுக்கு வந்தது. கடுக்காய்த் துவர்ப்புத்தான் தோலிலேயே இருக்கின்றதே! அன்னபேதியை நீரில் மிக மெலிதாகக் கரைத்து, முதலில் உட்புறத்து ஓரத்தில் தடவிப் பார்த்தோம். தவிட்டு நிறம் கண்ணெதிரே கறுத்தது. குரோமியத்தால் பதனிட்ட தோலாயின் இவ்வாறு கறுக்காது. இரும்பு மிகுந்தால் நாளடைவில் தோலையே அரித்துவிடும் ஆதலால், கறுத்தவுடன் ஈரத்துணியால் பலமுறை துடைத்தோம். உலர்ந்தபின் எண்ணெய் இட்டுத் தேய்த்தோம். பை மின்னியது. எமக்கும் உள்ளூர மகிழ்ச்சியே, அதனை மறைப்பானேன்?

அன்று முதல் அதனை வங்கிக்கும் எடுத்துச் சென்றோம். எம் துணைவர் ஒரு நாளும் செய்யாத செயல் அது. அடுத்த தெருவில் வாழும் இளம் ஆசிரியை ஒருத்தி, நம் இனத்தவளே, பையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து வியந்தாள். "பழையது அம்மா" என்றோம். அதன் பெருமையை வேறு விரிவாக எடுத்துரைத்தோம். அடுத்த மாதம் அவள் தோளில் புதியதொரு தோற்பை தொங்கியது. "நீங்களே வைத்திருக்கிறீர்களே என்றுதான் வாங்கினேன், டீச்சர்" என்றாள்.

அச்சொல் எம்மைச் சுட்டது. விலை கொடாமல் வந்த பை, எம் கையால் மெருகேறி, எம் நாவால் புகழப்பெற்று, ஒரு புதிய தோலுக்கு விலை கொடுக்கச் செய்துவிட்டது. பெயரனின் கேள்விக்கு விடை அங்கே கிடைத்தது. அழியாமல் காத்த அளவில் யாம் எவ்வுயிர்க்கும் ஊறு செய்யவில்லை. அழகு செய்து ஊரார் கண்முன் நடத்தியது மூன்றாம் வகையில் அடங்கும்; ஒருவேளை இரண்டாம் வகையிலேயே அடங்கலாம். இரண்டுக்கும் இடையே உள்ள கோடு, ஆமணக்கெண்ணெய்க்கும் அன்னபேதிக்கும் இடையே கிடந்தது. நம்முள் சிலர் இதனை மிகை நுட்பம் எனக் கருதக்கூடும். அந்த இளம்பெண்ணின் முகத்தை நேர்கொண்டு பார்த்த எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

பை இப்போது பழைய வேட்டித் துணியில் பொதிந்து அலமாரியில் இருக்கின்றது. காற்றுப் புகட்டும் என்பதால் பிளாஸ்டிக் உறை இடாமல் துணியிலேயே வைத்துள்ளோம். மாதம் ஒருமுறை திறந்து பார்க்கின்றோம். அவ்வாசிரியை சென்ற வாரம் தம் பையுடன் வந்தாள். மழை பட்டு ஓரம் விறைத்திருந்தது. அவளிடம் எம் சங்கடத்தை ஒளியாது கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "இனி என்ன செய்வது, டீச்சர்?" என்றாள். திண்ணையில் நிழலான இடம் பார்த்து அமர்ந்து, ஆமணக்கெண்ணெய்க் கிண்ணத்தை அவள்முன் வைத்தோம்.