கடுகு வெடிக்கும் சத்தம்

சிக்கனமாகச் சாப்பிடுவது எப்படி என்று உபதேசம் செய்கிறவர்களுக்கு நம் நாட்டில் எந்தக் காலத்திலும் பஞ்சம் ஏற்பட்டதில்லை. அரிசிக்குப் பஞ்சம் வருகிறபோதுதான் அவர்கள் அமோகமாக விளைகிறார்கள். அவர்கள் சொல்வது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வாழைத்தண்டும் முருங்கைக்கீரையும் மலிவானவை, உடம்புக்கும் நல்லவை, யார் மறுத்தார்கள்? எனக்கு இருக்கிற சந்தேகம் வேறு. எளிய சாப்பாட்டைப் புகழ்வதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது?

என் பாட்டி யுத்த காலத்தில் ஸ்ரீரங்கத்தில் குடித்தனம் செய்தவள். தாத்தாவுக்குத் திருச்சியில் ரயில்வே குமாஸ்தா வேலை. வீட்டில் எட்டு வயிறு. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று; கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த ரங்கூன் அரிசி நின்றது. மறு வருஷம் வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் மடிந்தார்கள். சென்னை ராஜதானியில் ரேஷன் வந்தது. இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், சுற்றிலும் நெல் வயல். நடுவிலே இருந்துகொண்டு கார்டை நீட்டி அளந்து போடுகிற அரிசியை வாங்க வேண்டியிருந்ததைப் பாட்டி கடைசி வரையில் ஓர் அவமானமாகவே நினைத்தாள்.

அரிசி குறைந்த வாரங்களில் கோதுமை போட்டார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அக்கிரகாரத்துக்குத் தெரியவில்லை. உடைத்து உப்புமா கிளறினார்கள். கஞ்சி வைத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் முகத்தைச் சுளித்தன. பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், ரொட்டியைத் தொடமாட்டேன் என்று பக்கத்து வீட்டு மாமி சபதம் செய்தாளாம். பாட்டி சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்: "ஏண்டி, பெருமாளே தினம் ரொட்டி அமுது செய்யறார். நமக்கு என்ன வந்துடுத்து?"

அது வெறும் சாமர்த்தியப் பேச்சில்லை. அரங்கனிடம் மனத்தைக் கொடுத்து டில்லியிலிருந்து வந்தவளென்று சொல்லப்படும் துலுக்க நாச்சியாருக்காக, ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனம் ஆகிறது. மனைவியின் ஊர்ச் சாப்பாட்டைப் பெருமாள் ஏற்றுக்கொண்டார். ரேஷன் கடைச் சாப்பாட்டை மாமி ஏற்றுக்கொள்ளவில்லை. நாம் எதை மட்டமான உணவு என்கிறோமோ அது நாக்கு கொடுக்கிற தீர்ப்பில்லை என்பது அன்றைக்கே வெட்ட வெளிச்சமாகியிருக்க வேண்டும்.

பாட்டியின் சமையலைப் பற்றிச் சொல்ல எனக்கு அலுப்பதே இல்லை. ஒரு பிடி துவரம்பருப்பை வேகவிட்டு, மேலே தெளிந்த நீரை ரசத்துக்கு எடுத்துக்கொள்வாள். அடியில் தங்கியது கீரை மசியலுக்குப் போகும். வாழைக்காயின் சதை கறியாகும்; தோல் துவையலாகும். சித்திரை வெயிலில் சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் மோரில் ஊறவைத்து உலர்த்தி வைத்தால், ஐப்பசி மழையில் காய் வாங்கக் காசில்லாத நாட்களுக்கு ஆகும். சாதம் வடித்த கஞ்சியைக் கீழே கொட்டியதே கிடையாது. உப்பும் மோரும் விட்டுக் குழந்தைகளுக்குக் கொடுப்பாள். சத்தில் ஒரு பங்கு அந்த வடிநீரோடுதான் போகிறது என்று உணவு விஞ்ஞானம் சொல்கிறது. அது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கொட்ட மனம் வராது என்பது மட்டும் தெரியும். உப்பு, புளி, மிளகாய் மூன்றையும் அளந்து போட்டால் பாதி தரித்திரம் மறைந்துவிடும் என்பாள். மீதிப் பாதியைப் பற்றி அவள் பேசியதில்லை.

அந்த மீதிப் பாதிக்குத்தான் கடுகு.

மாதக் கடைசியில் சில நாள் தளிகைக்கு ஒன்றுமே இருக்காது. அப்பொழுதும் பத்து மணிக்கு வாணலியை அடுப்பில் ஏற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நாலு கடுகை வெடிக்க விடுவாளாம். வீட்டுக்கு வீடு ஒரே சுவர். சத்தமும் வாசனையும் அந்தப் பக்கம் போனால் இந்த வீட்டிலும் குழம்பு கொதிக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். வெடித்த கடுகைக் கஞ்சியில் கொட்டிக் கலக்கிவிடுவாள். அதையும் வீணாக்குகிறவள் இல்லை.

இது பொய்யா? தர்க்க சாஸ்திரப்படி பொய்தான். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதற்கு வேறு என்ன பெயர்? ஆனால் பிறர் பொருளை அடைவதற்குச் சொல்லுகிற பொய்யையும், பிறர் இரக்கத்திலிருந்து தப்புவதற்குச் சொல்லுகிற பொய்யையும் ஒரே தராசில் நிறுக்க என் மனம் இடம் தரவில்லை. அவளிடம் எஞ்சியிருந்த சொத்து அந்த ஒரு கௌரவம். அதை அடகு வைக்க அவள் சம்மதிக்கவில்லை. இவ்வளவு தூரம் நான் அவள் கட்சி.

இதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது. 1952-இல் ராஜாஜி முதலமைச்சராக வந்து அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். அதற்கெல்லாம் எத்தனையோ காலம் கழித்து, இரண்டு கிழவிகளும் திண்ணையில் உட்கார்ந்து பழங்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். பக்கத்து வீட்டு மாமி சொன்னாள்: "உங்காத்துலே தாளிக்கிற சத்தம் கேட்டவுடனே நானும் வாணலியைப் போட்டுடுவேன். எங்காத்துலே மட்டும் அடுப்பு எரியலைன்னு தெரிஞ்சுடப்படாதே!" இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது, இப்போது வருவதில்லை. ஒரு செங்கல் சுவருக்கு இரு புறமும் இரண்டு பட்டினிக் குடும்பங்கள் ஒன்றின் கடுகை மற்றொன்று கேட்டுக்கொண்டு, எதிர் வீடு சுகமாக இருக்கிறதென்று நம்பிக்கொண்டு இருந்திருக்கின்றன. இரண்டு வீட்டுப் பருப்பையும் ஒரே பானையில் போட்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? மானம் அவர்களைக் காப்பாற்றியது உண்மை. அதே மானம் அவர்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்ததும் உண்மை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த வருஷங்களில் பாட்டிக்கு மாதத்தில் இரண்டுக்கு மேற்பட்ட ஏகாதசிகள் வந்தன. பஞ்சாங்கத்தில் இல்லாத விரதமெல்லாம் அவளுக்கு இருந்தது. தாத்தாவுக்கு இல்லை, பிள்ளைகளுக்கு இல்லை. பாரணை என்று மறுநாள் இலை போட்டு உட்காரலாம் என்ற நிச்சயம் இருந்தால் அது உபவாசம். இல்லையென்றால் அது வேறு. வயிற்றுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. சிக்கனக் குடித்தனத்தை மெச்சிக்கொள்ளுகிற எந்தப் புருஷனும், கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தவளின் தட்டில் என்ன இருந்தது என்று எட்டிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

1965-இல் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடும்படி நாட்டைக் கேட்டுக்கொண்டார். அவர் எளிமையாக வாழ்ந்தவர். கேட்பதற்கு அருகதை உள்ளவர். திங்கட்கிழமை இரவில் ஹோட்டல்கள் கூட மூடிக் கிடந்தன. மூன்று வேளை உண்பவன் அதில் பெருமையோடு கலந்துகொண்டான். செவ்வாயும் புதனும் ஏற்கனவே விட்டுக்கொண்டிருந்தவனுக்கு அந்த அழைப்பில் என்ன இடம்? ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், வேலையில்லாத சுரங்கத் தொழிலாளர் ஊர்களைப் பார்த்துவிட்டு 1937-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை நன்றாகப் பிடித்திருக்கிறார். கையில் காசில்லாதவனுக்குச் சத்துள்ள சப்பென்ற ஆகாரத்தில் மனம் போகாது; கொஞ்சம் ருசியாக, கொஞ்சம் இனிப்பாக ஏதாவது வேண்டும் என்றுதான் இருக்கும் என்கிறார். ஏழைப் பெண்களுக்குக் கடையில் சாமான் வாங்கக் கற்றுக்கொடுக்கப் போன சீமாட்டிகளின் மேல் அவருக்கு வந்த கோபம் நியாயமானது.

கேழ்வரகை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ள தானியம். முன்பு அதைக் கூழாகக் கரைத்துக் குடித்தவனை ஏழை என்றார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, பெரிய ஹோட்டல்களில் அதைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்தார்கள். கூழ் அதே கூழ். குடிக்கிறவனுக்கு வேறொன்றைக் கேட்க வசதியிருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் மாறிவிடுகிறது.

ஆகையால் உபதேசம் இல்லாமல் சோறு போடுகிற இடங்களிடம் எனக்குத் தனி மரியாதை. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது திருச்சி மாவட்டத்துப் பாப்பாகுறிச்சியில். பணம் எங்கிருந்து வரும் என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். கேட்டவர்களில் யாரும் அன்று மத்தியானம் சாப்பிடாமல் இருந்திருக்க மாட்டார்கள். 2012 முதல் ஸ்ரீரங்கம் கோவிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கும் ஏற்பாடு வந்தது. 2013-இல் சென்னையில் ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகம் திறந்து, அந்த ஆண்டே திருச்சிக்கும் வந்தது. அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்க்கிறேன். கோவில் பந்தியில் வடக்கேயிருந்து வந்த யாத்திரிகரும், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத உள்ளூர்க்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். இவர் பிரசாதம் என்று சாப்பிடுகிறார். அவரும் பிரசாதம் என்றுதான் சாப்பிடுகிறார். யாருக்கு எவ்வளவு பசி என்று சாம்பார் வாளி கேட்பதில்லை.

இருந்தாலும் அந்தப் பந்திக்கும் வராதவர்கள் உண்டு. 2020-இல் நோய்க்காக ஊரை அடைத்தபோது கோவில் கதவும் சாத்தியிருந்தது. பூக்கட்டுகிறவர்கள், சமையல் வேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் வருமானம் நின்றது. எங்கள் தெருப் பையன்கள் சிலர் அரிசி, பருப்பு, எண்ணெய், புளி போட்ட பைகளைத் தயார் செய்தார்கள். பகலில் கூப்பிட்டுக் கொடுத்தால் வாங்க வராத வீடுகள் எவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வீடுகளுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் போய், வாசலில் பையை வைத்து மணியை அடித்துவிட்டு, கதவு திறப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிடுவார்கள். நன்கொடை கொடுத்த பெரியவர் ஒருவர், யார் யார் வாங்கினார்கள் என்று ஜாபிதா கேட்டார். பையன்கள் கொடுக்க மறுத்தார்கள். அவர் மறு வாரம் பணம் தரவில்லை. நான்கு பை குறைந்தது. பையன்கள் வழக்கம்போல ஒன்பது மணிக்குப் புறப்பட்டுப் போனார்கள்.