மணத்தை ஆக்குவது எது?

திருமணம் இறைவன் திருமுன் நிகழும் அருட்செயலா, இருவர் தம்முள் செய்துகொள்ளும் உடன்பாடா, அன்றி அரசின் பதிவேட்டில் ஏறும் ஆவணமா என்னும் வினா மெய்யியல் வகுப்பறைக்குள் அடங்கிவிடுவதில்லை; அதற்குத் தரப்படும் விடையைப் பொறுத்தே ஒரு பெண்ணின் சீவனாம்சமும், ஒரு குழந்தையின் சொத்துரிமையும், ஒரு கணவன் மீதான குற்றச்சாட்டும் நிற்கவோ விழவோ செய்கின்றன. தமிழ்நாட்டில் இவ்வினாவைத் தெருவுக்கும் நீதிமன்றத்துக்கும் கொண்டுவந்தது சுயமரியாதைத் திருமணம். 1928 இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னின்று நடத்திய மணமே அவ்வகையில் முதலாவது எனச் சுயமரியாதை இயக்க வரலாறு குறிக்கிறது. புரோகிதரும் வேள்வித்தீயும் வடமொழி மந்திரமும் நல்ல நேரமும் நீங்க, மணமக்கள் ஊரார் முன்னிலையில் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்வதே அதன் முறை.

இம்முறையில் மணந்தோர் தாம் மணமானவர்கள் என்பதில் ஐயம் கொள்ளவில்லை. சட்டம் கொண்டது. சாத்திரம் விதித்த சடங்கும் இல்லை, வழக்காறும் இல்லை, அதாவது ஒரு சமூகம் நெடுங்காலம் இடையறாது கைக்கொண்டுவந்த நடைமுறை என்னும் தகுதியும் இல்லை என்று கூறி, 1953 இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மணம் ஒன்றைச் செல்லாது எனத் தீர்த்தது. அத்தீர்ப்பின் நிழல், அதே முறையில் மணந்து பல்லாண்டு குடும்பம் நடத்திய எண்ணற்றோர் மீதும் அவர்தம் மக்கள் மீதும் விழுந்தது. 1955 ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் இக்குறையைப் போக்கவில்லை. அதன் 7 ஆம் பிரிவு, மணமக்களுள் ஒருவரது மரபுச் சடங்குகளின்படியே மணம் நிகழவேண்டும் என்றும், அச்சடங்குகளுள் சப்தபதி, அதாவது தீயின் முன் இருவரும் ஏழடி எடுத்துவைத்தல், இடம்பெறுமாயின் ஏழாம் அடியோடுதான் மணம் நிறைவுறும் என்றும் கூறுகிறது.

சடங்கு ஏன் தோன்றியது என்பதற்குத் தமிழ் மரபே நேரிய விடை ஒன்றை வைத்திருக்கிறது. தொல்காப்பியக் கற்பியல், காதலித்தவன் பின்னர் அதை மறுத்துப் பொய் கூறுதலும், ஏற்ற ஒழுக்கத்தினின்று வழுவுதலும் உலகில் தோன்றிய பிறகே மணச்சடங்கு வகுக்கப்பட்டதாகக் கருதுகிறது. அதாவது மணத்தைப் படைப்பது சடங்கன்று; முன்னரே இருவர் நெஞ்சில் நிகழ்ந்துவிட்ட மணத்தைப் பொய்யினின்று காப்பதே அதன் வேலை. அகநானூற்றின் 86 ஆம் பாட்டு காட்டும் திருமணத்தில் தீவலமும் இல்லை, மந்திரம் ஓதுவாரும் இல்லை. உளுந்து கலந்த பொங்கல் பரிமாறப்பட, பந்தலில் புதுமணல் பரப்பி விளக்கேற்றியிருக்க, திங்கள் உரோகிணியோடு கூடிய விடியலில், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் இட்ட நீரைச் சொரிந்து மணமகளை வாழ்த்துகிறார்கள். அங்கே மணத்துக்கு முத்திரையிடுவது ஊர்ப் பெண்களின் வாழ்த்தே.

பிற சமயங்களின் சிந்தனையும் இதற்குத் தொலைவில் இல்லை. இலத்தீன் கத்தோலிக்க இறையியலில் திருமணம் ஓர் அருட்சாதனம், அதாவது இறையருளின் கண்கூடான அடையாளம். எனினும் அதை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்பவர்கள் மணமக்களே, குருவானவர் திருச்சபையின் சாட்சியாக நிற்கிறார். அந்தச் சாட்சியைக்கூட 1563 இல் திரிதெந்தின் பொதுச்சங்கம்தான் கட்டாயமாக்கியது. மறைவில் வாக்களித்து மணந்த ஆடவர், பின்னர் அதை மறைத்து வேறொருத்தியை வெளிப்படையாக மணந்த கொடுமையே அதற்குக் காரணம். இசுலாத்தில் நிக்காஹ் என்பது ஒரு தரப்பு முன்மொழிய மறுதரப்பு ஏற்கும் உடன்படிக்கை. சாட்சிகளும், மணமகன் மணமகளுக்குத் தரவேண்டிய மஹர் என்னும் மணக்கொடையும் அதற்கு உண்டு. மதகுரு இல்லாமையால் மட்டும் அது செல்லாமற் போவதில்லை. இத்தனை வேறுபட்ட நெறிகளிலும் நடுவே நிற்பது இருவர் தாமாக முன்வந்து கொடுக்கும் சொல். சுயமரியாதை இயக்கம் சமயத்திடமிருந்து மணத்தைப் பறித்துவிட்டது என்போர் இதை எண்ணிப்பார்க்கவேண்டும்.

பொய்யைத் தடுக்கப் பிறந்த சடங்கு பொய்க்குப் புகலிடமான வரலாறும் உண்டு. மனைவி உயிரோடிருக்க மற்றொருத்தியை மணந்த ஒருவர் மீதான வழக்கில் 1965 இல் உச்ச நீதிமன்றம், இரண்டாம் மணத்தில் வேள்வியும் சப்தபதியும் நிகழ்ந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை, ஆகவே அது மணமே ஆகாது, மணம் ஆகாதபோது இருதார மணக் குற்றமும் ஆகாது என்று கூறி அவரை விடுவித்தது. இரு பெண்களுக்கும் இழைக்கப்பட்ட தீங்கு கண்முன் நிற்க, தீ வளர்க்கப்படவில்லை என்பதே குற்றம் சாட்டப்பட்டவரின் கேடயமாயிற்று. சடங்கை மணத்தின் உயிராகக் கொள்ளும் கொள்கைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு தேவையில்லை.

1967 இல் அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த இந்துத் திருமணச் சட்டத் திருத்தமே 7அ என்னும் பிரிவு. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக அறிவித்தாலோ, மாலையோ மோதிரமோ அணிவித்துக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ அம்மணம் செல்லும். முன்னர் இம்முறையில் நடந்த மணங்களுக்கும் அது செல்லுந்தன்மை அளித்தது. இப்பிரிவு தாலியைத் தடுக்கவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை என்பதே அதன் நுட்பம். இறைநம்பிக்கை உடையவர் தம் இறைவனை மணப்பந்தலுக்கு விரும்பி அழைக்கிறார், சட்டத்தின் நிபந்தனைக்காக அன்று. 2001 இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற இருதார மண வழக்கில், சப்தபதி நடக்கவில்லை என்னும் அதே வாதம் மீண்டும் எழுந்தபோது, 7அ பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

சொல் மட்டும் போதுமென்றால் வெறுஞ்சான்றிதழும் போதுமா என்று கேட்கலாம். விழாவைப் பின்னர் வைத்துக்கொள்வதாக முடிவுசெய்து சான்றிதழை மட்டும் பெற்ற இருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 இல் போதாது என்றது. இந்துத் திருமணம் ஒரு சம்ஸ்காரம், வாழ்வைத் தூய்மைப்படுத்தும் சடங்கு என்றும் வலியுறுத்தியது. தாள் மணமாகாது என்ற முடிவு சரியே. ஆயினும் சடங்கு இல்லாமையைவிட, ஏற்பதாகச் சொல்லும் அச்செயலே நிகழாமல் தாள் முந்திக்கொண்டதுதான் அங்கிருந்த உண்மையான குறை.

சாட்சிகள் எத்தனை பேர், எவ்வளவு வெளிப்படையாக என்பதும் ஆராயத்தக்கது. வழக்கறிஞர் அறையில் மறைவாக நடக்கும் சுயமரியாதை மணம் செல்லாது என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2014 ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2023 இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. சாதி மாறி மணப்போரை வீட்டாரே கொல்லத் துணியும் நாட்டில், ஊரறிய மணந்தால்தான் செல்லும் என்பது அவர்களை அரிவாளுக்கு முன் நிறுத்துவதாகும். சாட்சியின் கடமை சொல்லைக் காப்பது, சொன்னவரைக் காட்டிக்கொடுப்பது அன்று.

எனினும் 7அ பிரிவின் எல்லை குறுகியது. அது இரு இந்துக்களுக்கு மட்டுமே உரியது. முசுலிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாதார் பெரும்பாலும் இந்துவாகவே எண்ணப்படுவதால், கடவுளை மறுப்பவரும் அவ்வெல்லைக்குள் அடங்குவர், கடவுளை நம்பும் மாற்றுச் சமயத்துக் காதலர் வெளியே நிற்பர். அவர்களுக்கு எஞ்சிய வழி 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அங்கே மணவிருப்ப அறிவிப்பு அலுவலகச் சுவரில் யாவரும் காணும் இடத்தில் ஒட்டப்பட்டு, தடையுரைக்க 30 நாள் விடப்படுகிறது. வயது, உயிரோடுள்ள முந்தைய துணை, மனநிலை, விலக்கப்பட்ட உறவு ஆகியவை தவிர வேறெதுவும் தடையாகாது. சமயமும் சாதியும் பெற்றோர் விருப்பமின்மையும் அதில் இல்லவே இல்லை. ஆனால் எதிர்க்கச் சட்டப்படி உரிமையற்றவர்களுக்கே அந்தத் தாள் முதலில் சேதி சொல்கிறது. இவ்வறிவிப்பை வெளியிடுவதா வேண்டாமா என்பதை மணமக்களே தெரிவிக்கலாம் என 2021 இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கூறியது. வயதையும் முந்தைய மணத்தையும் சான்றுகளாலும் உறுதியுரையாலும் அலுவலர் தாமே சரிபார்க்க இயலும். அவ்வாறிருக்க, அந்த 30 நாள் காத்திருப்பைத் தத்தம் சமயச் சட்டப்படி மணப்போரிடம் கேட்காத அரசு, சமயம் கடந்து சொல் கொடுக்க வந்தவர்களிடம் கேட்பதற்கு நியாயம் இல்லை.