கலகம் வரும் முன்பே நடந்த குற்றம்

காலித் ஹுசைனியின் ‘பட்ட விரட்டி’யைப் படித்து முடிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்போடுதான் புத்தகத்தை மூடுகிறார்கள். பாழாய்ப்போன அரசியல் ஒரு நல்ல நாட்டையும் நல்ல மனிதர்களையும் சீரழித்துவிட்டது. ரஷ்யப் படை வந்தது, முஜாகிதீன்கள் வந்தார்கள், தாலிபான் வந்தது. பாவம், அமீர்தான் என்ன செய்வான்? இரக்கத்தில் பிறந்த தீர்ப்பு இது. ஆனால் நாவலில் வரும் ஒரு தேதி இதற்கு இடம் கொடுக்கவில்லை. அமீர் தன் தோழன் ஹசனைச் சந்தில் ஒரு முரடனிடம் கைவிட்டு ஓடியது 1975-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில். அப்போது காபூலில் பீரங்கி இல்லை. 1973-இல் மன்னராட்சியை நீக்கி தாவூத் கான் அதிகாரத்துக்கு வந்தபோதுகூட ரத்தம் பெரிதாகச் சிந்தவில்லை. கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தது 1978 ஏப்ரலில், சோவியத் படை நுழைந்தது 1979 டிசம்பரில். குற்றம் நடந்தபோது ஊர் அமைதியாக இருந்தது, பையன்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். போர் வந்து அமீரைக் கெடுக்கவில்லை; கெட்டவன் ஊரைவிட்டுக் கிளம்பப் போர் வழி செய்தது, அவ்வளவுதான்.

இங்கே எழும் அறக்கேள்வியை இப்படி வைக்கலாம்: நாட்டைப் புரட்டிப்போட்ட அரசியல், அதில் அகப்பட்டவனுடைய தவறுக்கும் பொறுப்பேற்றுக்கொள்ளுமா? கற்பனைப் பாத்திரங்களைப் பற்றிய கேள்விதானே என்று தள்ளிவிட முடியாது. கதாபாத்திரத்துக்கு நாம் சொல்லும் தீர்ப்பால் யாருக்கும் நட்டமில்லை என்பதால் அங்கே யோசிக்காமல் சொல்லிப் பழகுகிறோம். அந்தப் பழக்கத்தைத்தான் பிறகு தெருவுக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுபோகிறோம். இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு இதுதான்: அரசியல் கொந்தளிப்பு மனிதனின் பொறுப்பை அழிப்பதில்லை. நல்லது செய்வதற்கான விலையை அது ஏற்றிவிடுகிறது, கெட்டது செய்வதற்கான விலையை இறக்கிவிடுகிறது. ஆகவே ஒரு பாத்திரத்தை எடைபோடுகிறவர், அவன் நின்ற இடத்தில் அன்றைக்கு என்ன விலை நிலவியது என்று கேட்டாக வேண்டும். அதைக் கேட்காமல் தண்டிப்பது கொடுமை; அதைக் கேட்காமல் மன்னிப்பதும் ஒருவகை அவமதிப்பு.

அந்தக் கணக்கில் பார்த்தால் அமீருடைய முதல் தவறைவிட இரண்டாவது கனமானது. சந்தில் ஓடியதற்காவது பயம் என்ற காரணம் இருந்தது. எதிரே நின்றவன் முரடன், அமீரோ சிறுவன். பிறகு ஹசனைக் கண்ணில் காணப் பொறுக்காமல், தன் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் அவன் படுக்கைக்கடியில் ஒளித்துவைத்துத் திருட்டுப் பட்டம் கட்டினானே, அங்கே எந்தப் பயமும் இல்லை. வாயைத் திறந்து உண்மை சொல்லியிருந்தால் அப்பாவிடம் கொஞ்சம் முகம் கெட்டிருக்கும், அதற்குமேல் எதுவும் இல்லை. அந்தச் சிறிய விலையைக் கொடுக்க மறுத்ததால்தான் ஹசனும் அவனை வளர்த்த வீட்டு வேலைக்காரர் அலியும் வீட்டைவிட்டுப் போனார்கள். அமீர் பஷ்தூன், ஹசன் ஹசாரா என்பது இதில் சும்மா ஒட்டிய விவரம் இல்லை. 1890-களில் ஆப்கன் மன்னர் அப்துர் ரஹ்மான் ஹசாராக்கள்மீது நடத்திய படையெடுப்புக்குப் பின், அந்த மக்கள் கூலிக்காரராகவும் வீட்டு வேலையாட்களாகவும் ஒடுக்கப்பட்ட நாடு அது. டாங்கி ஏறிவரும் அரசியலைத்தான் நாம் அரசியல் என்கிறோம். வேலைக்காரன் மகன்மேல் பழி போட்டால் எடுபடும் என்று ஒரு பதின்மூன்று வயதுப் பையனுக்குத் தெரிந்திருப்பதும் அரசியல்தான். சத்தம் போடாததால் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

ஷஹிதாவின் மொழிபெயர்ப்பில் ‘ஆயிரம் சூரியப் பேரொளி’யாகத் தமிழுக்கு வந்த ஹுசைனியின் அடுத்த நாவல், இந்த வாதத்துக்கு இன்னும் உறுதியான சான்று தருகிறது. 1992-இல் முஜாகிதீன் குழுக்கள் காபூலுக்காக ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும்போது விழுந்த ராக்கெட்டில் லைலா பெற்றோரை இழக்கிறாள். அவள் காதலித்த தாரிக் செத்துவிட்டான் என்று ஒருவன் வந்து சொல்கிறான். அது பொய். அவளை இரண்டாம் தாரமாக்கிக்கொள்ள நினைத்த கிழவன் ரஷீத் காசு கொடுத்துச் சொல்லவைத்த பொய். போர் இல்லாத ஊரில் அந்தப் பொய் ஒரு வாரம் தாங்கியிருக்காது. தினமும் சாவு விழும் ஊரில் இன்னொரு சாவை யார் விசாரிக்கப்போகிறார்கள்? கொந்தளிப்பு ரஷீதை உண்டாக்கவில்லை. முதல் மனைவி மரியத்தை அவன் அடிக்கத் தொடங்கியது தாலிபான் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு. 1996-இல் வந்த ஆட்சி, ஆண் துணையில்லாமல் வெளியே போகக் கூடாது என்று சட்டம் போட்டு, அவன் பூட்டிவைத்த கதவுக்கு வெளியே காவலும் நிறுத்தியது. கெட்டதன் விலை இறங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். அதே வீட்டில் மரியம் லைலாவைக் காப்பாற்ற ரஷீதைக் கொன்றுவிட்டு, பழியைத் தானே ஏற்று, தண்டனைக்குப் போகிறாள். நல்லதன் விலை உயிர்வரை ஏறிய இடத்தில் அந்த விலையைக் கொடுத்தவள் அவள். “காலம் அப்படி, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது” என்று ரஷீதுக்காகச் சொல்கிற வாய், மரியம் செய்ததையும் சேர்த்தே இல்லாததாக்குகிறது.

இதெல்லாம் இந்துகுஷ் மலைப் பக்கம் நடந்த கதை என்று தேனி மாவட்டத்துப் பெரியகுளத்துக்காரர் சொல்ல முடியாது. 1959 ஜனவரியில் திறக்கப்பட்ட வைகை அணைக்காக ஆண்டிபட்டிப் பக்கத்து ஊர்கள் தண்ணீருக்குள் போயின. அப்படிப் போன மெட்டூரிலிருந்து பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை வைரமுத்து, அந்த மண்ணின் கதையைக் ‘கள்ளிக்காட்டு இதிகாச’மாக எழுதி 2003-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அந்த நாவலை அணையின் கதை என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். ஆனால் அதன் பெரும்பகுதியில் அணை இல்லை. மழை பொய்க்கும் மானாவாரி, பேயத்தேவர் என்ற கிழவரின் ஓயாத உழைப்பு, அவர் சேர்த்ததை அழிக்கும் மகன், வாழ்க்கை சரியாக அமையாத மகள், அவர் இடுப்பில் ஏறி வளரும் பேரன் மொக்கராசு என்றுதான் கதை போகிறது. சர்க்கார் கடைசியில் வருகிறது. அந்த வீட்டுச் சோகத்தில் பாதியை அதற்கு முன்பே வீட்டு மனிதர்களே செய்து முடித்துவிட்டார்கள். அணை மட்டுமே வில்லனாக இருந்திருந்தால் பேயத்தேவர் ஒரு மனுதாரராக மட்டும் மிஞ்சியிருப்பார்.

அன்றைக்கு நடப்பிலிருந்த 1894-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் மனிதரை மனுதாரராகத்தான் பார்த்தது. பத்திரம் இருந்தால், பட்டா இருந்தால், இழப்பீடு. குத்தகைக்கு உழுதவர், கூலிக்குக் களையெடுத்தவர், புறம்போக்கில் ஆடு மேய்த்தவர் ஆகியோருக்கு மறுவாழ்வு தர வேண்டும் என்ற கடமை அந்தச் சட்டத்தில் இல்லை. வாழ்வாதாரம் இழந்த நிலமற்றவரையும் பாதிக்கப்பட்டவராக ஏற்கும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டு, 2014 ஜனவரி முதல் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் சட்டம் எழுதாமல் விட்ட கணக்கை நாவல் எழுதியிருக்கிறது என்று பாராட்டலாம். அந்தப் பாராட்டு சரியானதுதான். ஆனால் அந்தக் கணக்கில் பேயத்தேவரின் இழப்பு மட்டுமல்ல, அவர் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் செய்ததும் பதிந்திருக்கிறது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு வரும். ஏற்கெனவே அடிபட்டவன் தலையில் பொறுப்பையும் ஏற்றுவது, அடித்தவனைத் தப்பவிடும் தந்திரம் அல்லவா? “அவங்க குடும்பமே சரியில்லையப்பா” என்று சொல்லி இழப்பீட்டுக் கோப்பை மூடிவிடும் அதிகாரிக்கு இந்த வாதம் வசதியாகிவிடாதா? ஆகிவிடும் ஆபத்து உண்டு. ஆனால் பொறுப்பு என்பது ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறைந்துபோகும் பங்கு அல்ல. மகன் ஊதாரி என்பதால் நிலத்தின் விலை ஒரு காசுகூடக் குறையாது. ஹசனை அமீர் வஞ்சித்தான் என்பதால், பின்னாளில் அவனைச் சுட்டுக்கொன்ற தாலிபானின் குற்றம் இம்மியும் இளகாது. இரண்டு கடன், இரண்டு கடனாளி. அவற்றை ஒன்றாக்கிக் கழிக்கப் பார்க்கிறவர்தான் தந்திரக்காரர். அதிகாரி ஒரு பக்கமாகக் கழிக்கிறார், இளகிய மனம் படைத்த வாசகர் மறுபக்கமாகக் கழிக்கிறார்.

இன்னொரு மறுப்பை இவ்வளவு எளிதாகத் தாண்ட முடியாது. தனிமனிதரின் துரோகத்தையும் பரிகாரத்தையும் மையமாக்கும் நாவல், வரலாற்றை மேடைப் படுதாவாக ஆக்கிவிடுகிறது என்பார்கள். ‘பட்ட விரட்டி’யைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. 1981-இல் அமீரும் தகப்பனும் நாட்டைவிட்டு வெளியேறுகிறார்கள். அவன் திரும்பிப் போவது 2001-இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் முஜாகிதீன்களுக்கு அமெரிக்கா பணமும் ஆயுதமும் கொடுத்தது, பாகிஸ்தான் அதைப் பங்கிட்டது, தாலிபான் உருவானது. கதைசொல்லி கலிபோர்னியாவில் குடியேறிவிட்டதால் அதில் பெரும்பகுதி வாசகர் கண்ணில் படுவதே இல்லை. அன்று சந்தில் நின்ற முரடன், சிறுவயதில் ஹிட்லரைக் கொண்டாடிய ஆசெஃபே பிற்பாடு தாலிபான் தலைவனாக எதிரே வந்து உட்காரும்போது, ஒரு நாட்டின் சீரழிவு ஒரு தெரு ரௌடியின் குணக்கேடாகச் சுருங்கிவிடுகிறது. நாவலின் பலவீனமான இடம் அது. ஆனாலும் இந்தக் குறையிலிருந்து பெறப்படும் முடிவு வேறு. துப்பாக்கி கொடுத்த வாஷிங்டன்காரரும் மாஸ்கோக்காரரும்கூடப் பெயரும் விருப்பமும் உள்ள மனிதர்கள்தான். அவர்களையும் பாத்திரங்களாக்கி விசாரித்திருக்க வேண்டும் என்பதே நியாயமான புகார். யாருக்குமே பொறுப்பில்லை, எல்லாம் வரலாற்றின் வேலை என்பது அந்தப் புகாரிலிருந்து கிடைக்காது.

விலை உண்மையிலேயே எட்டாத உயரத்துக்குப் போன இடங்களும் உண்டு. ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) அப்படிப்பட்ட இடத்தைக் காட்டுகிறது. ஊர்ச் சண்டியர் ஒருவரின் மகனான ரொக்கிராஜ் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவொன்றிலிருந்து விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போகிறான். நம்பிச் சேர்ந்த இயக்கமே பின்னர் அவனைச் சந்தேகித்து வதைக்கிறது. அங்கே ‘மாட்டேன்’ என்று சொல்வதற்கு விலை உயிர். அந்த வயதில், அந்த நெருக்கடியில் அவன் செய்ததை 1975-இல் அமீர் செய்ததோடு ஒரே தட்டில் வைப்பது அநியாயம். சாய்வு நாற்காலியில் படிக்கிறவருக்கு அவன்மேல் கல்லெறியும் உரிமை மிகக் குறைவு. இருந்தும் ஷோபாசக்தி அவனைத் தூய பலியாடாக ஆக்கவில்லை. நாவல் அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. தஞ்சம் கேட்கும் படிவம் ஒருவனிடம் எதிர்பார்ப்பது களங்கமில்லாத துயரத்தை மட்டுமே. உனக்கு என்ன செய்தார்கள் என்று அது கேட்கும். நீ என்ன செய்தாய் என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னால் கதவு மூடிவிடலாம். அந்தப் படிவத்தில் அடங்காத மனிதனை முழுசாகச் சொல்ல நாவல் தேவைப்பட்டது.

படிவத்தின் பார்வை எங்கே கொண்டுபோய்விடும் என்பது வைகைக் கரைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. ஒருவன் செய்ததைப் பார்க்காமல் பிறப்பைப் பார்த்துப் பட்டியல் போட்ட குற்றப் பழங்குடியினர் சட்டத்தை இங்கே கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. பட்டியலில் பிறந்தவன் எல்லாம் குற்றவாளி என்பதற்கும், பட்டியலில் பிறந்தவன் எல்லாம் அப்பாவி என்பதற்கும் இடையே ஈரத்தில் வேறுபாடு உண்டு, முறையில் இல்லை. இரண்டிலும் ஆளைப் பார்க்க வேண்டிய அவசியம் வருவதில்லை.

அதனால்தான் ஹசனுக்காக அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடுகிற வாசகர் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டியிருக்கிறது. வடுகபட்டியில் பூண்டுச் சந்தை மட்டுமல்ல, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது. அங்கே இருப்பவர்களைப் ‘பாவம், சிலோன்காரங்க’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது, ஆப்கானியரைப் ‘பாவம், போரில் அகப்பட்டவங்க’ என்று முடிப்பதைப் போன்றதே. இரக்கம் காட்டியாயிற்று, இனி யாரையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பட்டியலை வைத்தே பேசுகிறது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்களுக்கு அது வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆப்கானிஸ்தான் இருக்கிறது, ஆனால் ஷியா முஸ்லிம்களான ஹசாராக்கள் இல்லை. பல லட்சம் வாசகர்களை அழவைத்த ஹசன் உயிர்தப்பி வந்து கதவைத் தட்டியிருந்தாலும், அந்தச் சட்டத்தில் அவனுக்கு இடம் கிடையாது.