ஒரு பாட்டைப் பத்து தடவை

குமாரலிங்கபுரத்தின் கரிசல் காட்டோரம் உட்கார்ந்து, போனிலேயே இசையமைக்கப் பழகும் தம்பி தங்கைகளே, புதுப் பாட்டு போடுவதற்கு முன்னால் வெற்றி பெற்ற ஒரு பாட்டைப் பத்து தடவை கேளுங்கள். தடவைக்கு ஒரு கருவியை மட்டும் பின்தொடருங்கள்.

1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் இளையராஜா இசையமைத்த 'இளைய நிலா'வையே எடுத்துக்கொள்ளலாம். முதலில் கிட்டார். அடுத்து பேஸ் கிட்டார் மட்டும். போன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாக எழாது, ஹெட்போன் வேண்டும். பாடகரின் மெட்டை நகலெடுக்காமல் அது தன் வழியில் நடப்பது அப்போதுதான் காதில் விழும்.

பிறகு நோட்டில் ஒரு கோடு போட்டு, முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் எந்த நொடியில் தொடங்குகின்றன என்று குறியுங்கள். இளையராஜாவின் பல பாடல்களில் சரணங்களுக்கு மெட்டு ஒன்றுதான்; இடையிசைகளோ வேறு வேறு. எந்தக் கருவி எங்கே அடங்குகிறது என்பதை நான் தனியாக எழுதி வைப்பேன். குரல் வந்ததும் ஒதுங்கும் வயலின்கள், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மெல்ல எட்டிப் பார்க்கும். அந்த இடங்களில்தான் எனக்கு அதிகம் பாடம் கிடைத்தது.

பண்ணைப்புரத்திலிருந்து சென்னை போன இளையராஜாவும் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அவர் இசையமைத்த முதல் படமான 'அன்னக்கிளி' வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1976-ல்.

இன்று ராத்திரி ஊர் அடங்கியதும், பேஸை மட்டும் கேட்டுப் பாருங்கள்.