வீட்டுக் கணக்கும் அமானிதமே

வீடு கட்ட நினைக்கும்போது சதுர அடி விலையை மட்டும் பெருக்கிப் பார்க்கிறோம். போர்வெல், செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், மின் இணைப்பு எல்லாம் கணக்கில் விடுபட்டுப் போகின்றன. பாதியில் பணம் தீர்ந்தால் என்ன ஆகிறது? சிமெண்ட் கடைக்காரர் காசில்லாமல் மூட்டை இறக்கமாட்டார். ஆகவே சனிக்கிழமை கூலிக்கு நிற்கும் சித்தாளிடம் "அடுத்த வாரம்" என்கிறோம். நாம் போட்ட தப்புக் கணக்கின் சுமையை ஏழையின் தலையில் ஏற்றுவது நியாயமா?

வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், ஜனாஸா தொழவைக்கும் முன் மய்யித்துக்குக் கடன் உண்டா என்றும் கேட்டார்கள்.

அஸ்திவாரம் தோண்டும் முன் எல்லாச் செலவையும் எழுதுங்கள். கூலிப் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். போதாவிட்டால் வட்டிக்குப் போகாமல் மாடியைத் தள்ளிப்போடுங்கள். பூசாத சுவருக்குள்ளும் தொழலாம்; கூலி பாக்கி வைத்த வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

அல்லாஹ் நமக்குப் பரக்கத்தான வீட்டைத் தருவானாக! ஆமீன்.