மறையாத இரும்புக்கை

பிள்ளைகள் படிக்கும் சித்திரக்கதைகளில் நாயகனின் உள்ளம் எவ்வளவு கறுத்திருக்கலாம்? கடலூரிலும் சிதம்பரத்திலும் பெற்றோர் சிலர் இவ்வினாவை நம்மிடம் எழுப்புவதுண்டு. திருடனாயிருந்தவன் வீரனாக உலவும் கதை பிள்ளையின் மனத்தைக் கெடுக்காதா என்பது அவர்தம் அச்சம். அச்சம் நியாயமானதே. ஆயினும், மாசுமறுவற்றவனை மட்டுமே காட்டவேண்டும் என்று அவர்கள் கூறும் பரிகாரம் நமக்கு உடன்பாடன்று.

தமிழ்ப் பிள்ளைகள் நெடுங்காலமாக அறிந்த நாயகனையே எடுத்துக்கொள்வோம். சிவகாசியிலிருந்து 1972-ல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகவே இரும்புக்கை மாயாவியை அளித்தது. 1962-ல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் பிறந்த பாத்திரம் அது. ஆய்வுக்கூடத்தில் கையொன்றை இழந்து இரும்புக்கை பூண்ட லூயிஸ் கிராண்டெலின் உடல், மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் மறையாது. தொடக்கத்தில் அவன் வீரனல்லன், குற்றவாளி. பின்னரே உளவுப்படையில் சேர்ந்து தீயோரை எதிர்த்தான். 1984-ல் தோன்றிய லயன் காமிக்ஸ் வழங்கிய ஸ்பைடரும் அத்தகையவனே. குற்றவுலகின் மன்னனாக முனைந்தவன், பின்னர் குற்றவாளிகளையே வேட்டையாடினான். அவன் கதைகள் பலவற்றை எழுதிய ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவர் என்பது சுவையான செய்தி!

அரபு அறிஞர்கள் நப்ஸை மூன்று நிலைகளில் வைத்துப் பேசுவர். தீமையை ஏவுவது அம்மாரா, செய்ததை எண்ணித் தன்னையே பழிப்பது லவ்வாமா, அமைதியுற்றது முத்மயின்னா. வாரந்தோறும் புதிய பகைவன் வந்தாகவேண்டிய தொடர்கதையில் நடுநிலையாகிய லவ்வாமாவுக்கு இடம் கிடைப்பது அரிது. நேற்றுக் கொள்ளையடித்தவன் இன்று காவலன் ஆகிறான். அவன் கட்சி மாறினான் என்பது தெரிகிறது, மனம் மாறினானா? நம் குறை இங்கேதான், அவனுடைய பழைய இருளில் அன்று.

இருளைக் கூட்டினால் ஆழம் கூடிவிடும் என்று கருதுவோரும் உளர். 1939-ல் நிழலில் பிறந்த பேட்மேன், 1966-ன் தொலைக்காட்சித் தொடரில் நகைப்புக்குரியவனானான். 1986-ல் பிராங்க் மில்லர் அவனை மீண்டும் கடுமையாக வரைந்தார். 2008-ன் திரைப்படமும் அவ்வழியே சென்றது. உலகின்மீது சினங்கொள்வது வேறு, தன்னைத்தானே பழித்துக்கொள்வது வேறு அன்றோ? மழையும் இரவும் எத்தனை பக்கம் வரையப்பட்டாலும் முன்னது பின்னதாகாது.

சீறாப்புராணத்தை நோக்குக. உமறுப் புலவரைப் பிற்காலத்தில் ஆதரித்தவர் நம் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் என்பர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கொல்ல உமர் (ரலி) அவர்கள் வாளேந்திப் புறப்பட்டதை அக்காப்பியம் மறைக்கவில்லை. நபித்தோழர்களைக் கற்பனை வீரர்களோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. சொல்லும் முறையையே சுட்டுகிறோம். அந்தச் சினத்தை முன்னே கண்டவருக்கே, பின்னே உள்ளம் இளகியதன் கனம் விளங்கும்.

ஆகவே, பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பறிப்பதைவிட, அருகமர்ந்து ஒரு கேள்வி கேட்கலாம். பரங்கிப்பேட்டையில் ஒரு சிறுவனிடம், "மாயாவி முன்பு செய்த குற்றத்தை மன்னித்தவர் யார்?" என்று வினவினோம். சற்றே யோசித்தவன், "யாரும் மன்னிக்கவில்லை, ஹஜ்ரத். அவன் அடுத்த கதைக்குப் போய்விட்டான்" என்றான்.