பாட்டனார் கடிகாரமும் ஒரு துளி எண்ணெயும்

எம் பாட்டனார் சாமாயிகத்திற்கு அமருங்கால் எதிரே வைத்துக்கொள்ளும் பாக்கெட் கடிகாரம் ஒன்று, எம் இல்லத்துப் பெட்டியில் நெடுங்காலம் ஓடாது கிடந்தது. வெள்ளிக் கூடு, வெண்பீங்கான் முகம். ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், நிறைவுறும் வரை அவர் ஆசனத்தை விட்டு எழார். அந்திக்கு முன் உணவை முடிக்கவும் அக்கடிகாரமே அவருக்குத் துணை. அண்மையில் அதனைச் செப்பனிட விழைந்து, கைதேர்ந்த பணியாளர் ஒருவரிடம் கொடுத்தோம்.

இவ்வகைக் கடிகாரத்தில் மெயின் ஸ்பிரிங்கின் விசை பற்சக்கரங்களின் வழியே சென்று பாலன்ஸ் சக்கரத்தை ஆட்டுகிறது. மணிக்கு 18,000 அசைவுகள், நாளொன்றுக்கு 4,32,000. மயிரிழை போன்ற அச்சுமுனைகள் மாணிக்கக் கல்லின் துளைகளில் சுழல்கின்றன. துளைதோறும் ஊசிமுனையளவு எண்ணெய் வேண்டும். மிகுந்தால் வழியும், குறைந்தால் அச்சு தேயும். எம் கடிகாரம் நின்றது எவ்வுறுப்பும் உடைந்ததனால் அன்று. எண்ணெய் உலர்ந்து பசையாகி இறுகியதனால்.

“அந்தக் காலத்தில் கடல் பிராணியின் எண்ணெய்தான் போடுவார்கள் ஐயா. அதற்கு ஈடே இல்லை” என்றார் பணியாளர், பெருமிதத்தோடு. எமக்கோ நெஞ்சம் துணுக்குற்றது.

அவர் கூறியது மெய்யே. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில் வில்லியம் நை என்பார் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய தொழில் இதற்குப் பெயர் பெற்றது. கடற்பன்றி எனப்படும் ஓங்கிலினத்து உயிர்களின் தாடைக் கொழுப்பை உருக்கிக் குளிரில் உறைய வைத்து, உறையாது நின்ற பகுதியை வடித்தெடுத்தனர். அவ்வெண்ணெய் குளிரிலும் கெட்டியாவதில்லை என்பதே அதன் சிறப்பு. கால்நடைகளின் எலும்பிலிருந்து எடுத்த எண்ணெயும் கடிகாரங்களுக்கு வழங்கியது. 1972இல் அமெரிக்கா கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. இன்று செயற்கை எண்ணெய்களே பெரிதும் வழங்குகின்றன.

நீரை வடிகட்டிப் பருகிய பாட்டனார், சர்வ சீவன்களிடத்தும் சமபாவம் கொள்ள அமர்ந்த அந்த 48 நிமிடமும், அவர் எதிரே ஓர் உயிரின் கொழுப்பு சக்கரங்களைச் சுழற்றியிருக்கக் கூடும். அவர் விரதம் பழுதுபட்டதா? இல்லை என்பதே எம் துணிபு. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையைப் பிரமாதத்தோடு சேர்த்தே இலக்கணப்படுத்தினார். அறியாதாரை அச்சொல் எளிதிற் சாராது. ஆனால் கிருதம், காரிதம், அனுமோதனை என மூவழியாலும் வினை வருமென்று கற்ற நாம், அறிந்த பின்னரும் “அந்த எண்ணெய்க்கு ஈடில்லை” என்று வியந்தால், அவ்வியப்பே அனுமோதனை அன்றோ! பாட்டனாருக்குரிய விலக்கு நமக்கு இல்லை.

கடிகாரத்தை எறிந்துவிட்டுப் பாட்டரிக் கடிகாரம் வாங்கலாமே என்றார் எம் உறவினர் ஒருவர். எறிவதால் கடற்பன்றி உயிர்த்தெழாது. புதிய கடிகாரத்திற்கும் பாட்டரிக்கும் மண்ணை அகழ்ந்து உலோகம் எடுத்தாக வேண்டும். உள்ளதைப் பேணுதலே குறைந்த ஆரம்பம் என்று கொண்டோம். பழைய பசையைக் கழுவிச் செயற்கை எண்ணெய் இடுமாறு வேண்டினோம், பணியாளர் இசைந்தார்.

அத்தோடு தீரவில்லை. பற்சக்கரத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும் நெம்புகோலின் இரு கற்களும் அரக்கால் ஒட்டப்பட்டவை. ஒரு கல்லின் அரக்கு விரிந்திருந்தது. “கடுகளவு புது அரக்கு வைத்தால் போதும்” என்றார். பலாசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் சிற்றுயிர்கள் சுரப்பதே அரக்கு. கிளைகளை வெட்டிச் சுரண்டி உருக்குகையில் அவ்வுயிர்கள் மாள்கின்றன. சிராவகர்க்கு விலக்கப்பட்ட பதினைந்து தொழில்களில் அரக்கு வாணிகமும் ஒன்று. (மாத்திரைகளின் மேற்பூச்சிலும் மிட்டாயின் பளபளப்பிலும் இதே அரக்கு உண்டு, அங்கே நாம் கேட்பதில்லை.)

செயற்கைப் பசை ஆகாதா என்றோம். அரக்கை இளஞ்சூட்டில் நெகிழ்த்திக் கல்லை மயிரிழையளவு நகர்த்திச் சீர்செய்யலாம். பசை இறுகிவிட்டால் அவ்வாறு இயலாது என்றார். பின்னர் அவரே ஒரு வழி கண்டார். நெம்புகோலைச் சிறு தகட்டின்மேல் வைத்துச் சூடேற்றப் பழைய அரக்கே உருகி, விரிவு கூடிற்று. ஸ்பிரிட்டில் அரக்கு கரையுமாதலின் அவ்வுறுப்பை அதில் கழுவாது துடைத்தார்.

கடிகாரம் இப்போது ஓடுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் பின்தங்குகிறது. பழைய அரக்கு எத்துணைக் காலம் தாங்குமென்று உறுதி கூற இயலாது என்று பணியாளர் எச்சரித்தே அனுப்பினார். அது மீண்டும் விரிந்தால் செயற்கைப் பசையே இடலாம் என்கின்றனர் எம் மக்கள். நின்றது நின்றபடியே பெட்டியில் இருக்கட்டும் என்கிறார் எம் மூத்த தமக்கையார். இல்லத்தில் இன்னும் முடிவாகவில்லை.